பின்கதவில் கிடக்கும் கேள்வி

அந்தச் சட்டைக் கம்பெனியில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தால் அது கரைந்துவிடும். கிடைக்காவிட்டால் தரையில் விழும். பெருக்குகிற அம்மா துணிவெட்டுகளோடு சேர்த்து அவற்றையும் அள்ளிக் கொட்டுவாள். சின்னக் கேள்விகள் பட்டன் கனம். லீவு எப்போது என்பது இஸ்திரிப்பெட்டி கனம். எல்லாம் மேனேஜர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுதான். சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து விசாரித்தால் பெண்கள் "ஃபைன், சார்" என்று இளிக்க வேண்டும் என்பதற்காக ஒரு டீச்சரை வைத்தார். பதில் மட்டும் போதும், கேள்வி வேண்டாம் என்றார். கேட்க ஆளில்லாமல் பதிலை எப்படிப் பழக்குவது? ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் வாட், ஹூ, வேர், வென் என்று டீச்சர் நடத்திக்கொண்டு போனாள். வொய் வந்த அன்று மேனேஜர் வகுப்பை நிறுத்தினார். "இதுங்களுக்கு அது எதுக்கு?" என்றார்.

தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் அக்காவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தையல் பிரிவில் இருந்த அவள் தங்கை, தீப்பிடித்த அன்று பூட்டிக் கிடந்த பின்கதவின் அடியில் மூச்சுமுட்டிச் செத்தாள். ஏன் பூட்டினீர்கள் என்று அக்கா சொந்த மொழியில் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள். மேனேஜர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். அவள் டீச்சர் வீட்டுக்கே போய்ப் பழகினாள். வார்த்தை முன்பின்னாக வந்தால் கேள்வி காற்றோடு போயிற்று.

"முதல்ல வொய், அடுத்து வாஸ். கதவு அதுக்குப் பின்னாலதான் வரணும்."

"எனக்குக் கதவுதான் டீச்சர் முன்னால வந்து நிக்குது."

வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது மேனேஜர் அவர்களைப் பின்கதவு வரை கூட்டிப்போய், இது என்றைக்கும் திறந்தே இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னார். அக்கா எழுந்து போய் முன்னால் நின்றாள். "வொய் வாஸ் த பேக் டோர் லாக்ட்?" கேள்வி நிலைப்படியில் விழுந்து தரை விரிசல் விட்டது. வந்தவர்களில் ஒருவன் அதைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு மணி பார்த்தான். சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

அக்காவை அன்றே வேலையை விட்டு நீக்கினார்கள். கேள்வியை நீக்க முடியவில்லை. கடப்பாரை வளைந்தது. வக்கீல் எழுதிக்கொடுத்த பதிலை முதலாளி அதன் எதிரே நின்று வாசித்தார். பொய் கேட்டு அது இன்னும் கனத்தது. ஷிப்ட் முடியுமுன் யாரும் நழுவிவிடக் கூடாதென்று பூட்டினார்கள், ஊருக்கே தெரியும். சொல்ல வேண்டிய பாவிகள் சொல்லவில்லை.

மேனேஜர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். வேலை முடிந்த பெண்கள் கேள்வியின் மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டு அந்த வழியாகவே வெளியேறுகிறார்கள். அக்கா எதிரே உள்ள தையல் கடையில் இருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லையே என்று யாராவது வருத்தப்பட்டால் ஊசியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள்.

"வராமலே கெடக்கட்டும். வந்துட்டா அது கரைஞ்சிரும், அவனுங்க கதவை மூடிருவானுங்க."