எதுவும் உடையாத பட்டறை

கட்டடங்களை வடிவமைக்கும் அத்தைக்கு அந்தப் பட்டறை என்றால் உயிர். பல்கலைக்கழக மாணவர்கள் மனதில் தோன்றியதைக் கையால் செய்து பார்ப்பதற்கென்று அவளே வரைந்து எழுப்பியது. பளீரென்ற வெள்ளை மேசைகள், உயர வரிசைப்படி தொங்கும் சுத்தியல்கள், நடைபாதையைப் பார்த்தபடி முழுநீளக் கண்ணாடிச் சுவர். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்து மெச்சட்டும் என்றுதான் கண்ணாடி. அங்கே படிக்கும் அண்ணன் மகள், வீட்டில் எல்லோருக்கும் வாலு, வரைபடத்தைப் பார்த்த அன்றே முகம் சுளித்தாள். சொதப்பும்போது நாலு பேர் வேடிக்கை பார்த்தால் கை ஓடாது என்றாள். அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாலு சொன்னதுதான் நடந்தது. மாணவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்து சைக்கிள் கொட்டகையில் போய்க் கடை பரப்பினார்கள்.

இந்த நேரம் பார்த்தா, அத்தை விண்ணப்பித்திருந்த கட்டட வடிவமைப்பு விருதின் நடுவர் பட்டறையைப் பார்க்க வரவேண்டும்? காலி அறையைக் காட்டினால் மானம் போய்விடும். நண்பர்களோடு வந்து வேலை செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும்படி அத்தை வாலுவிடம் கெஞ்சினாள். அத்தை கேட்டு அவள் எதற்கு மாட்டேன் என்றிருக்கிறாள்? கொட்டகையில் என்றோ செய்து முடித்த ரோபோ கையைத் தூக்கிவந்து, இறுக்கிய திருகாணியையே கழற்றுவதும் மறுபடி இறுக்குவதுமாக நின்றாள்.

நடுவர் சாதுவான மனிதர். மேசையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. செய்து பார்க்கையில் கடைசியாக இங்கே எது உடைந்தது என்று வாலுவைக் கேட்டார்.

அத்தையைக் காப்பாற்றுகிற வேகத்தில் அவள் பட்டென்று சொன்னாள்: “இங்க எதுவுமே உடையாது சார். அத்தை அவ்வளவு நல்லா கட்டியிருக்காங்க.”

நடுவர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நன்றி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

“நான் சொதப்பிட்டேனா அத்தை?” என்றாள் வாலு. அழுதுவிடுவாள் போலிருந்தது.

“நீ இல்லம்மா. நான்தான்.”

அத்தைக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடிக்கு அப்பால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு மூலை தேடினாள். அப்படி ஒரு மூலையை அவள் அந்த அறையில் வரையவே இல்லை.