பழுப்பு மாத்திரை வாரம்

வாஷ்பேசின் குழாய் ஒழுகியது. பிளம்பரைக் கூப்பிட்டிருக்கலாம். ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் சரிசெய்கிறவன் சொந்த வீட்டுக் குழாய்க்கு ஆள் கூப்பிடுவதா என்று மெக்கானிக்குக்குக் கௌரவம் தலைக்கேறிவிட்டது. செம்புக் குழாய் ஒட்டும் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, பிளாஸ்டிக் குழாயை இளக்கப் பார்த்தான். குழாய் இளகுவதற்குள் தீ மேலே இருந்த அலமாரியை நக்கிவிட்டது. சீப்பு வளைந்தது. மனைவியின் கருத்தடை மாத்திரை அட்டை சுருண்டது. வெள்ளை மாத்திரைகள் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. மிச்சமிருந்த பழுப்பு மாத்திரைகள் கடுகு மாதிரி பொரிந்து கிடந்தன.

மனைவி வந்து பார்த்தாள். கோபம் வந்தால் அவள் வாயில் மரியாதை வரும்.

"சார் இன்னும் எதையெல்லாம் கொளுத்தப் போறீங்க?"

"இப்பவே ஓடிப்போய் வேற அட்டை வாங்கிட்டு வந்துடுறேன்மா."

"ஒண்ணும் வேணாம். அதுல மருந்தே கிடையாது. தள்ளுங்க."

மருந்தே கிடையாதா! கேஸ் இல்லாத ஃப்ரிட்ஜ் வெறும் பீரோ என்பது அவன் தொழில் ஞானம். அப்படியானால் மாதாமாதம் ஒரு வாரம் வெறும் பீரோவை நம்பியா குடும்பம் நடந்திருக்கிறது? துறைமுகத்தின் சரக்குப் பெட்டி முனையத்தில் பல வருடம் கீழே நின்று கிரேனுக்குக் கொடி காட்டிய மனைவிக்கு, இப்போதுதான் பெரிய கிரேனில் ஏறப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்தது. வயிற்றில் பிள்ளை என்றால் ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள். இன்னொருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

அன்று இரவே தலையணையோடு ஹாலுக்குப் போனான். காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் பயப்படுவாள் என்று நினைத்தான். தியாகி ஆகிவிட்டதாகவும் கொஞ்சம் நினைத்தான்.

மறுநாள் மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டான். கடைக்காரர் குரலை உயர்த்தினார்.

"கருத்தடை மாத்திரையா? யாருக்கு, உங்களுக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்து, கூட வேலை பார்க்கும் லிஃப்ட்காரனிடம் கேட்டான்.

"பயப்படாத. எங்க வீட்டுலயும் அதே மாத்திரைதான்," என்றான் அவன். அவனுக்கு நான்கு பிள்ளைகள்.

வீட்டிலோ பாத்திரங்கள்தான் பேசின. டம்ளரை வைத்தால் மேசை அதிர்ந்தது. அவளுக்கு மாதப்போக்கு வந்திருந்தது. அவன் ஒதுங்க ஒதுங்க, அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. நான்காம் நாள் காலை, சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். ரத்தம் வந்தா நான் அருவருப்பாயிடுறேனா?"

"ஐயையோ! யார் சொன்னா?"

"நீங்கதான். தலையணையைத் தூக்கிட்டுப் போய் தினமும் சொல்றீங்களே!"

அவன் எல்லாவற்றையும் கொட்டினான்: பீரோ, ஏணி, லிஃப்ட்காரன், இருமல் மிட்டாய்.

"ஊரெல்லாம் கேட்ட. என்கிட்ட கேக்க வாய் வலிச்சுதா? முழுங்குறவ நான்."

மரியாதை போய்விட்டதில் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "இப்ப கேக்குறேன். இந்த வாரம் அது வேலை செய்யுமா, செய்யாதா?"

"செய்யும். மூணு வாரமா வெள்ளை மாத்திரை கருமுட்டையை முதிர விடாம அடக்கி வெச்சிருக்கு. நிறுத்தினதும் துள்ளி எழுந்திரிக்காது, மெதுவாத்தான் தலை தூக்கும். முதிர்ந்து வெளிய வர ஏழு நாள் பத்தாது. அதுக்குள்ள நான் அடுத்த அட்டையை ஆரம்பிச்சிடுவேன்."

"அப்ப பழுப்பு?"

"இரும்புச்சத்து. தினம் போடுற பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நீ வறுத்தாலும் ஒண்ணுதான், பொரிச்சாலும் ஒண்ணுதான்."

"அடுத்த அட்டை லேட்டானா?"

"அதுதான் ஆபத்து. இடைவெளி நீண்டா முட்டை முழிச்சுக்கும். அதனாலதான் புது அட்டையை உன் கைக்கு எட்டாத இடத்துல வெச்சிருக்கேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப கிரேன்?"

"திங்கக்கிழமை ஏறுறேன்."

"என் மேல கோவம் போயிடுச்சா?"

"இல்ல," என்றாள்.