பதினைந்து சாண் சுவர்

நமிசொங்கா பாலர் பள்ளியின் நெடுஞ்சுவர்கள் இரண்டும், கட்டி முடித்த முதல் மழைக்காலத்திலேயே ஒன்பது சாண் நீண்டன. தகரக் கூரை நீளவில்லை, அது பிளான்டயர் நகரக் கடையில் வாங்கியது. சிமெண்டுத் தரையும் நீளவில்லை. அதனால் கிழக்குக் கோடியில் கூரைக்கு அப்பால் கொஞ்சம் வானம் தெரிந்தது, அந்த இடத்தில் மட்டும் பிள்ளைகள் நனைந்தார்கள். கொத்தனார் வைசன் ஒரு வெள்ளிக்கிழமை புல் அறுத்து வந்து அதை வேய்ந்தான். ஒழுகல் நின்றதா என்று ஊரார் கேட்டார்கள். நின்றது.

கடல் கடந்த ஒரு தர்ம ஸ்தாபனம் பள்ளிக்குச் சிமெண்டும் தகரமும் ஜன்னலும், பிள்ளைகளின் காலைக் கஞ்சிக்கு மாவும் கொடுத்தது. செங்கல்லும் மணலும் தண்ணீரும் ஊரார் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பலோம்பே சமவெளியில் செங்கல்லுக்குப் புற்றுமண்ணை மிஞ்சிய மண் கிடையாது. சாலை ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. மசக்கைக்காரிகள் கிள்ளிக் கிள்ளித் தின்று அதன் ஒரு பக்கமே பள்ளமாகியிருந்தது. நமிசொங்காவில் அந்த மண்ணைத் தின்னாத தாயின் வயிற்றில் பிறந்தவர் எவரும் இல்லை. வைசன் அதை வெட்டியபோது பெண்கள் சுற்றி நின்று, ஆளுக்கொரு கட்டியைத் துணியில் முடிந்துகொண்டு போனார்கள். பன்னிரண்டாயிரம் கல் அறுத்துச் சூளை வைத்தார்கள்.

புற்று போனபின் மசக்கைக்காரிகள் பள்ளிச் சுவரைச் சுரண்ட வந்தார்கள். வைசனின் மனைவி மெலிஃபாதான் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் கிடையாது, ஊர் கூடி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. "சுண்ணாம்பு அடிச்ச இடத்துல கை வைக்காதீங்கடி, வயித்துக்கு ஆகாது. பின்பக்கம் போங்க" என்பதோடு அவள் விட்டுவிடுவாள். வந்தவர்களின் பெயர் மட்டும் அவள் மனதில் இருக்கும். முதல் மழைக்கு ஒன்பது பேர் சுரண்டினார்கள், சுவர் ஒன்பது சாண் நீண்டது. மூன்று வருஷம் கழித்து வரப்போகும் பிள்ளைக்கு உட்கார இடம் வேண்டாமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் மழைக்குச் சுரண்டியவர்கள் ஐந்து பேர். சுவர் ஆறு சாண் நீண்டது. அந்த ஒரு சாண் மெலிஃபாவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்தாபனத்தின் கடிதம் வந்தது. யாரோ அனுப்பிய புகைப்படத்தில் பள்ளி வரைபடத்தைவிட நீளமாக இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைசன் வேலை பார்த்த இன்னொரு கட்டடத்தில் சிமெண்டு குறைகிறது. இரண்டுக்கும் விளக்கம் கிடைக்கும் வரை மாவு வராது. மாவு இல்லையென்றால் கஞ்சி இல்லை, கஞ்சி இல்லையென்றால் பள்ளி இல்லை, பிள்ளைகள் முன்போல வரப்பில் எறும்புக் கடியில் கிடக்க, தாய்மார்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே களை எடுப்பார்கள். அது ஊரின் கவலை. மெலிஃபாவுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. நமிசொங்காவில் எல்லாப் புருஷன்மாரும் வீட்டோட மாப்பிள்ளைகள். மனைவியின் அண்ணன் போ என்றால் போக வேண்டியதுதான். மெலிஃபாவின் அண்ணன் லாஸ்டன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டான்.

"திருட்டுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை கொத்துக் கரண்டியை எடுத்துக்கிட்டு அவங்கம்மா ஊருக்குக் கிளம்பிர வேண்டியதுதான். தங்கச்சி அழுதாலும் சரி."

அன்று வைசன் சோளமாவுக் களியை உருட்டுவதும் வைப்பதுமாக இருந்தான். "திருடியிருந்தா முதல்ல நம்ம வீட்டுக்கு ஒரு சமையல்கட்டு கட்டியிருக்க மாட்டேனா?"

"நாலு வருஷமா அதைத்தானே நானும் கேக்குறேன்" என்றாள் மெலிஃபா. "திருடக்கூடத் துப்பில்லாத மனுஷனைக் கட்டிக்கிட்டேன்." அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒரு சாண் மட்டும் நீங்க எதுவும்..." என்று ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் உப்பு எங்கே, வாளி எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சு நடக்கவில்லை.

ஏப்ரலில் ஸ்தாபனத்தின் அதிகாரி கடெவேரே மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷர், சளி பிடித்திருந்தது. ஊர் முழுக்க மாமரத்தடியில் கூடியது. ஊர்த்தலைவி நன்சோலோ நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது, மூத்த மகளுக்கே கல்யாணமாகிவிட்டது, அவர் தீர்ப்பு சொன்னால் மறுபேச்சு கிடையாது. கடெவேரே டேப்பை இழுத்து அளந்தார். வரைபடத்தில் இருபத்தாறு அடி. சுவரில் முப்பத்தேழே கால். ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடி விரலால் தடவிக்கொண்டே போனார், எங்கும் தட்டவில்லை. பிறகு திறப்பு விழாப் புகைப்படத்தை எடுத்துச் சுவரோடு வைத்துப் பார்த்தார். சுவரில் எழுதிய ஸ்தாபனத்தின் பெயரில், எழுத்துக்கு எழுத்து அன்று நாலு விரல் இடைவெளி இருந்தது. இன்று ஒரு முழம் இருந்தது. பெயின்ட் எங்கும் விரிசல் விடவில்லை.

"ஓரத்துல சேர்த்துக் கட்டலாம். நடுவுல இழுத்துக் கட்ட எந்தக் கொத்தனாராலயும் முடியாது" என்று கடெவேரே மூக்கைத் துடைத்தார். "ஆனா தானா வளர்ந்துச்சுன்னு எழுதினா, ஆபீஸ்ல என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஏதாவது கணக்கு இருக்காம்மா இதுக்கு?"

"இருக்கு" என்றாள் மெலிஃபா. வயிற்றுக்கு ஒரு சாண். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் எழுந்து நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு ஒன்பது பேர், வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஐந்து பேர். கடெவேரே தன் கையால் சாண் போட்டு அளந்துகொண்டே வந்தார். பதினாலு சரியாக வந்தது. பதினைந்தாவது சாண் மிச்சம் நின்றது.

"இது யாருது?"

லாஸ்டன் மாப்பிள்ளையைப் பார்த்தான். வைசன் மனைவியைப் பார்த்தான், அவளுடைய சந்தேகத்தைத் தவிர வேறெதற்கும் அவன் பயந்ததாகத் தெரியவில்லை. மெலிஃபா எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"இவர் கட்டலை ஐயா. அது மட்டும் எனக்குத் தெரியும். மத்தது தெரியாது" என்றாள்.

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. நன்சோலோ இடுப்புத் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தார், மரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

"அது என்னுது" என்றார்.

"தலைவியம்மா?"

"நாலு மாசம். யாருமில்லாத நேரத்துல போய்த் தின்னேன். இந்த வயசுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிக்கிட்டா திங்க முடியும்? என்னை என்ன பாக்குறீங்க, சுவரைப் பாருங்க!"

குலவைச் சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் பறந்தன. தலைவியின் கணவர் அந்தச் செய்தியை அப்போதுதான் கேள்விப்பட்டார், உட்கார ஓர் இடம் தேடினார். தலைவியின் மகள், "நானும் நீயும் ஒரே வருஷத்துல பெத்துக்கலாம்மா" என்று கத்தினாள். "வாயை மூடுடி" என்றார் நன்சோலோ. ஆனால் சிரித்துவிட்டார். மெலிஃபா வைசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் நடுவில் அப்படிப் பிடிப்பது வழக்கமில்லை, அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடெவேரே படிவத்தை முழங்காலில் வைத்து வெகு நேரம் யோசித்தார். அதில் "ஊராரின் பங்களிப்பு" என்று ஒரு கட்டம் இருந்தது. செங்கல், மணல், தண்ணீர் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அதன் கீழே "மேலும் பதினைந்து சாண்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிமெண்டு, நனைந்து கல்லாகிக் கிடங்கின் பின்னால் கிடந்ததை அவரே அடுத்த நாள் கண்டுபிடித்தார். ஒப்புக்கொண்டதற்கு மேல் இவ்வளவு கொடுத்த ஊரை இதுவரை பார்த்ததில்லை என்று தலைமையகம் பாராட்டி எழுதியது. பத்தாம் நாள் மாவு லாரி வந்தது.

லாஸ்டன் ஒரு சேவலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். "சும்மா இந்தப் பக்கம் வந்துச்சு" என்றான்.

"காலைக் கட்டிக்கிட்டா வந்துச்சு, மச்சான்?" என்றான் வைசன். இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சாப்பிட்டார்கள்.

ஏழாம் வருஷம் சுவர் சாலையைத் தொட்டது. சாலைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சந்தைக்குப் போகும் சைக்கிள்காரர்கள் அந்த வளைவில் மணி அடிப்பார்கள். பகல் பத்து மணியிலிருந்து பதினொன்று வரை அடிக்க மாட்டார்கள், அது பிள்ளைகள் தூங்கும் நேரம்.