வெறும் ஆணி

சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் பலகையில் உள்ள ஆணியிலிருந்து தன் எண் பொறித்த பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். என் கணவர் மாட்ட மறந்து, வில்லையைச் சட்டைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பின்னாலேயே சைக்கிளில் ஆள் வரும். "அண்ணி, எங்க வில்லை உங்க அழுக்குக் கூடையில இருக்கா?"

அதனால்தான் அன்று அவருடைய ஆணியைப் பார்த்து மேற்பார்வையாளர் சிரித்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நான் சட்டைகளை எல்லாம் உதறிப் பார்த்து, இல்லை என்றேன். பிறகுதான் தேட இறங்கினார்கள். கூரை சரிந்து கிடந்தது. கொஞ்சம் முன்னால் எடுத்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இறந்த கணவருக்குப் பதிலாக எனக்கு வில்லை அறையில் வேலை கொடுத்தார்கள்.

"மாப்பிள்ளைய முழுங்கின இடத்துக்கே போறியா?" என்றார் அண்ணன்.

"வேற எங்கண்ணா போறது? தையல்காரர் தைக்கிறது சுரங்கச் சட்டை. பஸ் வர்றது ஷிப்டு நேரத்துக்கு. நீங்களே சுரங்க லாரிக்குத்தானே பஞ்சர் ஒட்டுறீங்க?"

சுரங்கத்தை விட்டால் ஒரு செங்கல் சூளை இருந்தது. அதுவும் மூடியாயிற்று.

மூன்றாம் மாதம் ஒரு நாள் பிற்பகல், பாறையில் துளை போடுகிறவர்களில் 'குண்டு' என்று எல்லோரும் கூப்பிடுகிறவரின் ஆணி வெறுமையாக இருந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நான் கையெழுத்திட்டால்தான் பாறைக்கு வெடி வைக்கலாம்.

"வீட்டுக்குப் போயிருப்பான்மா. போடு," என்றார் அதே மேற்பார்வையாளர்.

"ஆளைக் காட்டுங்க சார், போடறேன்."

"மேலதிகாரிங்களுக்கு நான் எழுதினா இந்த வேலை உனக்கு இருக்காது."

தெரியும். பேனாவை மூடி வைத்தேன். அடுத்த ஷிப்டு ஆட்கள் முணுமுணுத்தார்கள். "அக்கா, இன்னைக்குள்ள இறங்குவோமா?" இரண்டு பேர் தேட இறங்கினார்கள், ஒருவர் சைக்கிளில் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் குண்டு ஓடிவந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, கையில் வில்லை. அறையே சிரித்தது.

"சொன்னேன்ல?" என்றார் மேற்பார்வையாளர்.

"நீங்க சொன்னதுதான் சார் சரி."

தேடப் போன இருவரும் ஏறி வந்ததும் கையெழுத்திட்டேன். மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார். மேலே எதுவும் எழுதவில்லை. மறுநாளிலிருந்து, கடைசி ஆணி நிறையும்வரை பதிவேட்டைக் கேட்பதும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க அண்ணி," என்றார் குண்டு.

வில்லையில் சோப்பு ஒட்டியிருந்தது. துடைத்து மாட்டினேன்.

"போங்க, மிச்சக் கன்னத்தையும் முடிங்க."