மகள் பெயரில் ஒரு மெஷின்

டைல்ஸ் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கடன் விஷயத்தில் அவர் பெயர் கெட்டுப்போய் வருடக்கணக்காகிவிட்டது. டைல்ஸ் வெட்டும் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கப் போனபோது, கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வீட்டில் வேறு யார் பெயரிலாவது போடலாமே என்று வழியும் அவரே காட்டினார்.

வேறு பெயர் என்றால் மகள் பெயர்தான். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கைமாற்றுகூட வாங்கிப் பழகாதவள். அவளுடைய அடையாள அட்டையின் நகல் பீரோவில் இருந்தது. அவள் கையெழுத்தை அவரே போட்டார். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அந்தச் செய்தியை அழித்தும் விட்டார். நாம்தானே கட்டப்போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆறு மாதம் கட்டவும் செய்தார். பிறகு மழையில் வேலை நின்றது; தவணையும் நின்றது.

மகள் சொந்தமாக மருந்துக்கடை வைக்க வங்கியில் கடன் கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அவள் தன் கடன் அறிக்கையை வரவழைத்து, அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து முன்னால் வைத்தாள். மெஷின் கடன் இருந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தாள்.

அவர் மழுப்பிப் பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டு, பாக்கியை எப்படியாவது அடைத்துவிடுவதாகச் சொன்னார். பெற்ற அப்பாவை யாராவது இப்படி நிறுத்திக் கேள்வி கேட்பார்களா என்று அம்மாவும் மகளைக் கடிந்துகொண்டாள்.

"அடைச்சா மட்டும் போதாதுப்பா," என்றாள் மகள். "தவணை தவறினது நான்னு இதுல இருக்கு. அது நான் இல்ல. நீங்க வந்து சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"போலீஸ்ல புகார் கொடுப்பேன். எழுதி வச்சிட்டேன்."

அவள் பார்வை தாழவில்லை.

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, போகலாமா என்று கேட்டார்.

கடன் கொடுத்த நிறுவனத்தின் அதிகாரி, எழுதிக் கொடுத்தால் உங்கள் மேல் வழக்கு வரலாம் என்று அவரை எச்சரித்தார். மகளிடம், குடும்பத்துக்குள் அனுசரித்துப் போகக் கூடாதா என்றார்.

"நான் வாங்காத கடன் என் பேர்ல இருக்கக் கூடாது சார். என் முகத்தைக்கூடப் பார்க்காம எப்படிக் கொடுத்தீங்க? அதையும் எழுதிக் கேட்கலாம்னு இருக்கேன்."

அதிகாரி எழுந்து மேலாளரைக் கூப்பிடப் போனார். இப்படிப்பட்ட மேசைகளின் முன்னால் வாழ்நாளெல்லாம் கைகட்டி நின்றவர் அப்பா. மகளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவுக்கும் ஒன்றைக் காட்டினாள். வெட்கத்தையும் மீறி அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடன் வாங்கியது நான்தான், மகளுக்குத் தெரியாது என்று நடுக்கமில்லாமல் எழுதிக் கொடுத்தார். ரசீதில் முத்திரை விழும்வரை மகள் நகரவில்லை.

தங்கள் பக்கமும் தப்பு இருந்ததால் நிறுவனம் வழக்குக்குப் போகவில்லை. கடன் அவர் பெயருக்கு மாறியது. மகளின் பதிவு திருந்த இரண்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு வங்கியும் இறங்கி வந்து கடன் கொடுத்தது; அவள் மருந்துக்கடையைத் திறந்தாள். அடையாள அட்டைகளை அவள் பூட்டி வைத்தாள். போனைத் திறக்கும் ரகசிய எண்ணையும் மாற்றினாள். எல்லாம் அவர் கண்ணெதிரேதான். அவருக்குச் சுருக்கென்றது.

வேலையிடத்தில் கொத்தனார் சீண்டினார். "பொண்ணு உன்னை ஆபீசுக்கு இழுத்துட்டுப் போயி எழுதி வாங்கிட்டாளாமே?"

"இழுக்கல. நானேதான் போனேன்," என்றார் அவர், சிமெண்டுப் பாலைக் கலக்கியபடி. "அவ பேரைத் தொடணும்னா அவளைக் கேட்கணும். அப்பனா இருந்தாலும் சரி. அப்படி ஒரு பொண்ணு எனக்கு."

கொத்தனாரின் சிரிப்பு அடங்கியது. தன் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வாளா என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க கடைக்கு வா," என்றார் அவர். "எட்டு மணி வரைக்கும் இருப்பா."