ஐந்து இடத்தில் பறக்கும் ஒரே குருவி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் தேடிப் போன கதை இல்லை. வீட்டுச் சாவியைக் கொடுக்க நாத்தனாரின் அலுவலகத்துக்குப் போனேன், கதையோடு திரும்பி வந்தேன். [சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன். அது வேறு சண்டை.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் நீலமாக"

அடித்துவிட்டேன். வானம் நீலம் என்று சொல்ல ஓர் எழுத்தாளர் எதற்கு?

2

நாத்தனார் திரையில் படங்களை அசைய வைப்பவள். இத்தனையாவது நொடியில் சிறகு மேலே, இத்தனையாவது நொடியில் கீழே என்று புள்ளி வைப்பாள். கீஃப்ரேம் என்பார்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள அசைவைக் கணினியே நிரப்பிக்கொள்ளும்.

ஒரு குருவி சிறகடிப்பதை ஒரு பெட்டிக்குள் செய்து வைப்பாள். அந்தப் பெட்டியைப் பெரிய படத்தில் ஐந்து இடத்தில் வைத்தால் ஐந்து குருவிகள். வெளியே நகர்த்தினால் ஒன்று மட்டும் நகரும். பெட்டியைத் திறந்து உள்ளே கைவைத்தால் ஐந்தும் மாறும். [குடும்பமும் அப்படித்தான் என்று ஒரு பத்தி எழுதினேன். பிரசங்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

3

படம், குழந்தைகள் மருத்துவமனையின் புதிய காத்திருப்பு அறைக்கு. மறுநாள் திறப்பு. கடைசிக் காட்சியில் ஒரு குருவி, குழந்தையின் உள்ளங்கையில் வந்து உட்கார வேண்டும். நான் போனபோது அது அழகாக உட்கார்ந்தது. மற்ற நான்கும் நடுவானில் சிறகை மடக்கிக்கொண்டு அப்படியே மிதந்தன.

"என்னப்பா, குருவிங்க எல்லாம் ஸ்ட்ரைக்கா?" என்றார் மேலாளர்.

ஃபைலைக் கடைசியாக அனுப்பியவர், நாத்தனாரோடு வேலை பார்க்கும் 'எக்ஸ்பிரஸ்'. எதையும் அவசரமாகச் செய்வதால் வந்த பெயர். அவருடைய மகள் அந்த மருத்துவமனையில்தான் படுத்துக் கிடந்து குணமானவள். திறப்பு விழாவுக்கு அவளைக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"உன் அவசரத்துக்கு ஒரு அளவே இல்லையா? நாளைக்குத் திறப்புக்கு நீ வர வேணாம். நானே போய்க்கிறேன்" என்று மேலாளர் அவர்மேல் பாய்ந்தார்.

"நான் குருவியைத் தொடவே இல்ல சார்."

"அப்ப குருவியே முடிவு பண்ணிடுச்சா?"

நாத்தனார் பெட்டியைத் திறந்தாள். சிறகு மடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள். யார் வைத்த புள்ளி என்று தெரிய அந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு நிறம், மஞ்சள் அவளுடையது. காலையில் ஒரு குருவியை உட்கார வைக்கப் போனவள், வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே கைவைத்திருந்தாள்.

நிறத்தை மாற்ற ஒரு க்ளிக் போதும். யாரும் பார்க்கவில்லை.

4

இங்கேதான் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நாத்தனாரை நல்லவளாக எழுதினால் எந்த அண்ணி நம்புவாள்?

முடிவு ஒன்று: அவள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறாள். எக்ஸ்பிரஸ் வீட்டுக்குப் போகிறார். வாசலில் புது கவுனோடு மகள்

இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: வெளியே இடி இடிக்க, அவள் கண்ணீரோடு எழுந்து [அன்று நல்ல வெயில். விட்டுவிட்டேன்.]

எழுதிய மட்டும் நாத்தனாரிடமே காட்டினேன்.

"அண்ணி, என்னை ரொம்பத் தங்கமா ஆக்கிடாதீங்க. க்ளிக் பண்ணிடலாமான்னு நான் யோசிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"சாவியைத் தேடி நீங்க பையைத் துழாவுனீங்களே, அவ்வளவு நேரம்."

அந்தச் சின்ன நேரத்துக்குள்ளும் கடவுள் வந்து உட்கார இடம் இருக்கிறது என்று நம்புகிறவள் நான். இந்த வரியை மட்டும் அடிக்க மாட்டேன், பிரசங்கமாக இருந்தாலும் சரி.

5

ஆகவே நானும் இரண்டே புள்ளிகள் வைக்கிறேன்.

முதல் புள்ளி: அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறாள்.

இரண்டாவது புள்ளி: மறுநாள் காத்திருப்பு அறையில், அப்பாவின் தோளில் உட்கார்ந்த ஒரு சிறுமி, பறக்கும் குருவிகளை விரல்விட்டு எண்ணுகிறாள்.

நடுவே நாத்தனார் எப்படிச் சொன்னாள், மேலாளரின் முகம் எப்படிப் போனது, எக்ஸ்பிரஸ் சிரித்தாரா முறைத்தாரா என்பதையெல்லாம் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஓர் உதவி மட்டும் செய்கிறேன். இப்போது யார் அந்தக் குருவிப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு குறிப்பு:

"இந்தக் குருவி பல இடங்களில் பறக்கிறது. உட்காரும் குருவிக்குத் தனிப் பெட்டி செய்திருக்கிறேன். இதற்குள் கைவைக்க வேண்டாம். ஒருமுறை வைத்தவள் நான்."

எழுத்து மஞ்சள் நிறத்தில் இருக்கிறது.