கார்டில் இருந்த சுவர்

நாகலெட்சுமி போனைக் கண்ணாடி மேசையில் வைத்தபோது அதன் திரையில் ஒரே ஒரு கேள்வி நின்றது. மெமரி கார்டைச் சரிசெய்யவா, செய்தால் அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று போன் கேட்டது. காலையில் கார்டைப் போட்டதிலிருந்து இதையேதான் கேட்கிறது என்றாள். அவள் எதையும் அழுத்தவில்லை. தோட்டத்திலிருந்து ராகலை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், விரல் தவறிப் பட்டுவிடக் கூடாதென்று போனை ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அழுத்தாம வந்தீங்களே, அதுவே பெரிய காரியம்" என்றார் நஸார்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் நானா, ஒரே கேள்விய நூறு வாட்டி கேப்பாரு. பதில் சொல்லாம இருந்து பழக்கம்."

நஸார் சிரித்தார். ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன். பஸ் நிலையத்துக்கு எதிரே பதினோரு வருடமாக போன் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசுகிறவர் அல்ல. வேலை இல்லாத நேரத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் பேசி முடித்த பின்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் பதில் சொல்வார். அதனாலேயே சிலர் அவருக்கு வேலை தெரியாதென்று நினைத்துப் பக்கத்துக் கடைக்குப் போனதும் உண்டு.

"கார்ட்ல என்ன இருக்கு?"

"செவுரு" என்றாள்.

அவர் காத்திருந்தார். அவள் சொன்னாள்.

அவர்கள் இருக்கும் லயம் என்கிற வரிசை வீட்டில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. கடைசிக் காம்பரா அவளுடையது. பின்னால் மண்மேடு. கார்த்திகையில் பெருமழை பெய்து மேடு சரிந்த பிறகு, பின்சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் படம் எடுத்தாள். சும்மா எடுத்தால் அளவு தெரியாது என்று பக்கத்தில் மட்டக்கம்பைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். கொழுந்தெடுக்கும்போது தேயிலைச் செடியின் மேல் போட்டு மட்டம் பார்க்கிற கம்பு அது. அதன் பிறகு ஞாயிறு தவறாமல் எடுத்தாள். பத்தொன்பது படங்கள். முதல் படத்தில் வெடிப்பு கம்பை விட மெல்லியது. கடைசிப் படத்தில் கம்பே வெடிப்புக்குள் நின்றது.

"நாளைக்கு மண்சரிவு பாக்குற ஆளுங்க வர்றாங்க நானா. எந்தெந்தக் காம்பராவ வேற எடத்துக்கு மாத்தணும்னு எழுதப் போறாங்க. நேத்து காலையில வேலைக்குப் பிரிக்கிறப்பதான் பெரட்டுக்களத்துல சொன்னாங்க."

"அவங்களே செவரப் பாப்பாங்கதானே?"

நாகலெட்சுமி முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். கடைக்குள் வியர்க்கிற அளவுக்கு ஒன்றும் சூடில்லை.

"வெள்ளிக்கெழம எங்க தோட்டத்துல தேரு. தேரு லயத்து வாசலுக்கு வரும்னு ஊரே வெள்ளையடிக்குது. இவரு வெடிப்புக்குள்ள செங்கல்ல ஒடச்சுத் திணிச்சி, சீமெந்த வச்சிப் பூசி, மேல வெள்ளையும் அடிச்சிட்டாரு. நான் கொழுந்துக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், செவுரு புதுசா நிக்குது. பூசி இன்னிக்கி ஒம்பது நாளு."

"ஆண்டியப்பன் அண்ணன்தானே? வேலைய சுத்தமா செய்வாரு."

"அதான் வென. போன தடவ வேலாயி அக்கா காம்பராவுக்கு வந்தவங்க, பழைய வெடிப்பு, பூசியாச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அவ இன்னும் அங்கதான் கெடக்குறா. எங்கிட்ட படம் இருக்கு, காட்டிரலாம்னு நான் தைரியமா இருந்தேன்."

நஸார் கார்டை எடுத்தார். தங்கநிறத் தகடுகளை மென்மையான துணியால் துடைத்தார். தன் போனில் போட்டார். அதுவும் அதே கேள்வியைக் கேட்டது. கணினியில் செருகினார். கார்டில் இடம் நிறைந்திருப்பதாகக் காட்டியது, ஆனால் ஒரு கோப்பும் தெரியவில்லை. அழிந்த படங்களைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டார். அது கால் மணி நேரம் ஓடி, ஒன்றும் இல்லை என்று சொல்லி நின்றது.

பழுதான கார்டு இப்படி இருக்காது. பழுதானது பாதிப் படமாவது காட்டும், அல்லது கணினிக்கே தெரியாது. இது நல்ல கார்டு. பூட்டிய கார்டு.

"பழைய போன்ல எடம் நெறஞ்சிருச்சுன்னு யாராவது இதுல ஏதும் செஞ்சாங்களா தங்கச்சி?"

"கிருஷாந்தி போன வருசம் வந்தப்ப செஞ்சா. எடம் இல்ல எடம் இல்லன்னு போன் சொல்லிக்கிட்டே இருந்திச்சி. அவதான் எதையோ அழுத்தி, இனிமே நெறைய எடம்மான்னு குடுத்துட்டுப் போனா."

கிருஷாந்தி மூத்த மகள், கொழும்பில் வேலை. அவள் அழுத்தியது எதுவென்று நஸாருக்குத் தெரிந்துவிட்டது. கார்டைத் தனியாக வைக்கவா, போனோடு சேர்த்துக்கொள்ளவா என்று போன் கேட்கும். சேர்த்துக்கொள் என்றால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு கார்டில் எழுதுவதையெல்லாம் அந்தப் போன் பூட்டி எழுதும். சாவி போனுக்குள் இருக்கும். வேறு எந்தப் போனாலும் திறக்க முடியாது.

வெளியே நுவரெலியா பஸ் நடத்துநர் ஊர்ப்பெயரை மூன்று முறை கூவிவிட்டு ஏறிக்கொண்டார்.

அந்தப் பழைய போன் இந்தக் கடையில்தான் இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன், உடைந்த திரையோடு அவள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏற்கனவே பாவித்த போன் ஒன்றை மாற்றாக எடுத்துப் போயிருந்தாள். அன்று கார்டைக் கழற்றிச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டு அவள் கையில் கொடுத்ததும் அவர்தான். கைக்கு வரும் போனில் இருக்கும் படங்களைப் பார்ப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. பெண்களுடையதென்றால் விரலைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார். முன்பு இதே தெருவில் வேறொரு கடையிலிருந்து ஒரு பெண்ணின் படம் வெளியே போய், அந்தக் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அதன் பிறகு, வாங்குகிற போனை உரிமையாளரின் கண் முன்னாலேயே முழுதாக அழித்துவிடுவார்.

இதையும் அப்படித்தான் அழித்தார்.

மேசை லாச்சியைத் திறந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். புதிய திரை போட்டிருந்தார். உயிர்ப்பித்துக் காட்டினார். கடையிலிருந்து புதிதாக வந்த போனைப் போல மொழியைத் தெரிவுசெய்யச் சொன்னது. கார்டைப் போட்டார். அந்தப் போனும் அதே கேள்வியைக் கேட்டது.

"கார்ட பூட்டுன தொறப்பு, அந்தச் சாவி, இந்தப் போனுக்குள்ளதான் இருந்திச்சி. அன்னிக்கி உங்க முன்னாடி அழிச்சேனே, அதோட அதுவும் போயிருச்சு."

"நீங்க கேட்டீங்கதானே. படமெல்லாம் எங்க இருக்குன்னு."

"கேட்டேன்."

"கார்ட்லன்னு சொன்னேன்."

"கார்ட்லதான் இருக்கு. இப்பவும் இருக்கு. ஆனா யாராலயும் பாக்க ஏலாது. கண்டிக்குக் கொண்டு போனாலும், கொழும்புக்குக் கொண்டு போனாலும் ஏலாது. அப்படி யாராவது செஞ்சு தாறேன்னு சொன்னா நம்ப வேணாம்." கார்டைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். "கார்ட எப்படி வச்சிருக்கீங்கன்னு அன்னிக்கே நான் பாத்திருக்கணும். பாக்கல. அது என் பெழ."

கார்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். கார்டுகள் கெட்டுப்போகின்றன, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த வாக்கியம் நாக்குவரை வந்ததை நஸார் அறிந்திருந்தார்.

நாகலெட்சுமி பழைய போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத் திரையில் அவள் முகம் தெரிந்தது. பிறகு அவள் மகளுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிருஷாந்தி, தை மாசம் ஒனக்கு ஒரு படம் அனுப்பினேனே, செவுத்துப் படம். இருக்கா?"

"செவுத்துப் படம்தானேன்னு அழிச்சிட்டேம்மா. என் போன்லயும் எடம் இல்ல."

"சரி. நீ வேலையப் பாரு."

அடுத்து கணவனுக்கு எடுத்தாள். பின்னணியில் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது.

"படம் வராதாம். நீங்க அந்தப் பூச்ச ஒடைங்க."

"எதை?"

"பூசுனீங்கள்ல, அதை. நாளைக்கு அவங்க வர்றப்ப வெடிப்பு கண்ணுக்குத் தெரியணும்."

"தேரு வர்ற வாரத்துல வீட்ட ஒடைக்கச் சொல்ற ஒரே பொம்பள நீதான். லயத்துலயே நம்ம செவுருதான் அழகா இருக்குன்னு தோட்டத் தலைவரு சொல்லிட்டுப் போறாரு."

"தலைவரு வந்து அதுல சாஞ்சி படுக்கட்டும். அலவாங்க எடுங்க."

அவன் முனகிக்கொண்டே நடப்பது கேட்டது. கதவு கிறீச்சிட்டது. உள்ளே வந்ததும் ஒலிபெருக்கிச் சத்தம் குறைந்தது. அலவாங்கின் இரும்பு முனை தரையில் தட்டும் ஒலி வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

"என்ன, மனசு வரலியா?"

"இரு" என்றான். குரல் மாறியிருந்தது. "இங்க ஒரு கோடு விழுந்திருக்கு புள்ள."

"எங்க?"

"பூச்சு மேலயே. மேல இருந்து கீழ வரைக்கும். வெள்ளையடிக்கிறப்ப இல்ல. சத்தியமா இல்ல."

"எவ்வளவு பெருசு?"

"சின்னதுதான். நகம் போவுது."

நஸார் முன்னால் குனிந்தார். "அண்ணன், நஸார் பேசுறேன். ஒடைக்க வேணாம். தொடவும் வேணாம். ஒம்பது நாளைக்கு முந்திப் பூசின சீமெந்து பொளந்திருக்குன்னா செவுரு இப்ப அசையுது. பழைய வெடிப்புன்னு எவரும் எழுத ஏலாது. அந்தக் கோட்ட அப்படியே அவங்களுக்குக் காட்டுங்க."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது நல்ல செய்தி அல்ல என்பது அவருக்கு உறைத்தது. நாகலெட்சுமிக்கு அது முன்பே உறைத்திருந்தது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நீங்க மொதல்ல வெளிய வாங்க" என்றாள். "சின்னவ ஹம்சினி ஸ்கூல் விட்டு வந்தா உள்ள விடாதீங்க. பிள்ளைங்க சாயங்காலம் போனதும் பிள்ளைக் காம்பரா சும்மாதானே கெடக்கும், ஆயம்மாகிட்ட தொறப்பு கேளுங்க. இன்னிக்கி அங்கதான் படுக்குறோம். பக்கத்துக் காம்பராவுலயும் சொல்லுங்க."

"தேரு?"

"தேரு வாசலுக்குத்தானே வருது. வாசல்ல நின்னு கும்புட்டுக்கலாம்."

போனை வைத்தாள். பிறகு கார்டை நஸார் பக்கம் தள்ளினாள்.

"இத இனிமே வச்சு என்ன செய்ய. அழிச்சுப் புதுசா ஆக்கிக் குடுங்க. கோட்டப் படம் எடுக்கணும்."

அவர் கார்டை அவள் போனில் போட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்களே அழுத்துங்க. கீழ இருக்கிறத. தனியா வைக்கிறது."

அவள் விரல் ஒருமுறை நின்றது. பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமைகள். அழுத்தினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கார்டு தயார் என்று போன் சொன்னது. அவர் தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். கார்டைக் கழற்றித் தன் போனில் போட்டு, அந்தப் படம் அங்கேயும் திறப்பதைக் காட்டினார்.

"ஆனா கார்ட மட்டும் நம்ப வேணாம். எடுக்கிற படத்த எடுத்த ஒடனே மகளுக்கு அனுப்புங்க. எனக்கும் அனுப்புங்க." தன் இலக்கத்தைப் பதிந்து கொடுத்தார். மற்றவர்களின் படத்தை அவர் இப்படிக் கேட்டு வாங்குவது இதுவே முதல் தடவை.

"எவ்வளவு நானா?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் வற்புறுத்தவில்லை. பன்னிரண்டரை பஸ் புறப்பட இருந்தது.

மூன்று மணிவரை ஒன்றும் வரவில்லை. நஸார் ஒரு திரையை மாற்றினார், ஒரு சார்ஜர் விற்றார், வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தையே மறுபடி வாசித்தார். மூன்றேகாலுக்கு முதல் படம் வந்தது. வெள்ளைச் சுவர், அதில் மயிரிழை போல ஒரு கோடு, அதன் பக்கத்தில் மட்டக்கம்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோடு எங்கும் அறுபடவில்லை.

நாலரைக்கு அடுத்தது வந்தது. அதே சுவர், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தது. கட்டில் இல்லை, அலுமாரி இல்லை, சாமிப் படங்கள் இருந்த இடத்தில் ஆணிகள் மட்டும் இருந்தன. தரை கூட்டியிருந்தது.

நஸார் அந்த இரண்டையும் தன் கணினியிலும் பதிந்து, தேதியைப் பெயராக எழுதினார்.